அம்பேத்கர் தொகுதிகள்: வாங்கும் முன்பும் படிக்கும் முன்பும்

மகாராஷ்டிர அரசின் கல்வித்துறை வெளியிட்ட ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்: எழுத்தும் பேச்சும்’ ஆங்கிலத் தொகுப்பின் முதல் தொகுதி 1979 ஏப்ரல் 14 அன்று வெளிவந்தது. நாகபுரியைச் சேர்ந்த வசந்த் மூன் பதிப்பாசிரியராக இருந்து 16 தொகுதிகளைக் கொண்டுவந்தார். அவர் 2002இல் மறைந்தபின் ஹரி நார்கே உள்ளிட்ட குழுவினர் பதினேழாம் தொகுதியை மூன்று பகுதிகளாக 2003இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பகுதி மராத்தி. ஆகவே ஆங்கிலத்தில் படிப்பவருக்குத் தொகுப்பு என்பது 17 தொகுதிதான். பதினான்கு இரண்டு புத்தகம், பதினேழு மூன்று புத்தகம் என்பதால் அலமாரியில் 20 புத்தகத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். டெல்லியிலுள்ள டாக்டர் அம்பேத்கர் பவுண்டேஷன் 2014 ஜனவரியில் இதை மறுபதிப்புச் செய்தது. அந்தப் பதிப்பின் பிடிஎப் கோப்புகள் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகாலம் மனித உரிமைக்காக எழுதியதும் பேசியதும் மனுப் போட்டதும் வழக்காடியதும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்தியாவில் வேறெந்த உரிமைப் போராளியின் வேலையையும் இவ்வளவு நெருக்கமாக, அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோலப் பார்க்க முடியுமா என்பது சந்தேகம். ஆனால் தொகுப்பின் அடுக்குமுறை அந்த வேலையை மறைத்துவிடுகிறது. கால வரிசையும் இல்லை, பொருள் வரிசையும் முழுமையாக இல்லை. ஒன்று முதல் பதினேழு வரை எண் வரிசையில் படிக்கக் கிளம்பினால் மூன்றாம் தொகுதியிலேயே முற்றுப்பெறாத கையெழுத்துப் படிகளுக்குள் மாட்டிக்கொள்வீர்கள். போராட்டம் போராட்டமாகப் பிரித்து, தொகுதிக்குத் தொகுதி தாவிப் படிப்பதுதான் சரியான வழி.

தொடங்க வேண்டிய இடம் பன்னிரண்டாம் தொகுதி. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறிய தன்வரலாற்றுக் குறிப்பு அதில்தான் இருக்கிறது. 1935, 36 வாக்கில் எழுதப்பட்டது, அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1901இல் சாத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன் அம்பேத்கரும் வீட்டுப் பிள்ளைகளும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். தீண்டப்படாத மகார் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்ற மறுக்கிறார். கடைசியில் இரட்டைக் கூலி பேசி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அடுத்து பரோடா. வெளிநாட்டில் படித்துத் திரும்பி அங்கே அதிகாரியான அம்பேத்கர், பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் தடியோடு வந்து துரத்துகிறார்கள். 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கைகால் கழுவியதற்காகக் கூட்டம் கூடிவிடுகிறது. கடைசி இரண்டு பகுதிகள் அவர் அனுபவம் அல்ல, பிறருடையவை. இதைக் கவனிக்க வேண்டும். தன் கதை மட்டும் போதாது, வேறு ஊரில் வேறு ஆளுக்கு நடந்ததையும் சேர்த்தால்தான் அது சாட்சியம் ஆகும் என்ற வழக்கறிஞரின் கணக்கு அதில் இருக்கிறது. சில பக்கங்கள்தான். ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

அங்கிருந்து நேரே பதினேழின் முதல் பகுதிக்குப் போங்கள். அதன் துணைத்தலைப்பே ‘மனித உரிமைகளுக்கான போராட்டம்’. முதலில் வருவது மகாராஷ்டிரத்தின் மகத் என்ற ஊரிலுள்ள சவுதார் குளம். மொத்தத் தொகுப்பிலும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய ஆவணங்கள் இவை, ஏனென்றால் ஓர் உரிமைப் போராட்டம் எத்தனை படிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பது இங்கே தேதியோடு தெரிகிறது. 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே தீர்மானம்: பொதுப் பணத்தில் கட்டப்பட்ட நீர்நிலை, சத்திரம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். 1924இல் மகத் நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போடுகிறது. தாளில் உரிமை வந்தாயிற்று, தண்ணீர் எடுக்க யாருக்கும் துணிவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போய்க் குடிக்கிறார்கள். கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பி அடிதடி நடக்கிறது. பிறகு 108 குடம் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழிக்கிறார்கள். அதே ஆண்டு நகராட்சி பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறது. டிசம்பரில் இரண்டாவது மாநாடு கூடும் முன்பே, குளம் தனியார் சொத்து என்று சாதி இந்துக்கள் சிலர் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கிவிடுகிறார்கள்.

டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, அந்த மாநாட்டில் குளத்தில் இறங்காமல் நிறுத்திக்கொண்டது. திரண்டு வந்த கூட்டம் இறங்கத் தயாராக இருந்தது. ஆனால் நீதிமன்றத் தடை இருக்கும்போது இறங்கினால் அரசும் எதிர்த்தரப்பாகிவிடும். ஒத்திவைத்துவிட்டு வழக்கை நடத்தினார்கள், ஏறக்குறைய பத்து ஆண்டுகள். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் அடிப்படையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். எல்லா மனிதரும் சமம் என்று நீதிபதிகள் சொல்லவில்லை. தீண்டப்படாதவர்களை விலக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலம் முதல் இருந்தது என்பதை வழக்குத் தொடுத்தவர்கள் நிரூபிக்கவில்லை, குளம் நகராட்சியுடையது, அவ்வளவுதான். எதிரியின் ஆதாரத்தில் இருந்த ஓட்டையை வைத்துத்தான் அந்த உரிமை வென்றது. இன்று பொதுக்கிணறு, பொதுப்பாதை, மயானப்பாதை வழக்கு நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியைப் படித்தால், உணர்ச்சிக்கு அப்பால் நிலத்தின் உரிமைப் பத்திரமும் நகராட்சித் தீர்மானமும் ஏன் முதலில் வேண்டும் என்பது விளங்கும்.

இந்தப் பகுதிக்கு ஒரு குறை உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். மகத் உரைகள் மராத்தியில் பேசப்பட்டவை. 1789இல் வெர்சாயில் கூடிய பிரெஞ்சு தேசிய சபையோடு மகத் மாநாட்டை ஒப்பிடும் புகழ்பெற்ற டிசம்பர் உரையும் அப்படியே. ஆங்கிலத் தொகுதியில் இருப்பது மொழிபெயர்ப்பு. அதிலிருந்து தமிழுக்கு வந்தால் இரண்டாம் கை. ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டுகிறவர்கள் 18ஆம் தொகுதி முதல் வரும் மராத்தி மூலத்தைப் பார்க்காமல் மேற்கோள் காட்டுவது ஆபத்து. சட்டசபைப் பேச்சுக்கும் ஆணைய மனுவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை, அவை ஆங்கிலத்திலேயே எழுந்தவை.

அந்த மனுக்களும் பேச்சுகளும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்கத்தக்க தொகுதி எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். 1928 மே மாதம், தான் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை சார்பாக, அரசியல் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சைமன் குழுவுக்குக் கொடுத்த அறிக்கைகளில் ஒன்று, பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி நிலை பற்றியது. அட்டவணை அட்டவணையாகப் போகிறது. எந்த வகுப்பில் ஆயிரம் பேருக்கு எத்தனை பிள்ளைகள் எந்தப் படி வரை படிக்கிறார்கள் என்று அரசின் சொந்த எண்களை எடுத்து அரசுக்கே காட்டுகிறார். கண்ணீர் ஒரு துளி இல்லை. உரிமைக்காக மனு எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் அதன் கட்டமைப்பை அப்படியே பின்பற்றலாம்: முதலில் எண், பிறகு அந்த எண் அப்படி ஆனதற்குக் காரணமான அரசு உத்தரவு, அதற்குப் பிறகே கோரிக்கை. இதே தொகுதியில் 1928 மகப்பேறு உதவி மசோதா மீதான பேச்சு, 1937இல் அவர் கொண்டுவந்த கோத்தி முறை (கொங்கணத்தில் உழவரிடம் வரி வசூலித்த இடைத்தரகர் முறை) ஒழிப்பு மசோதா, 1938 தொழில் தகராறு மசோதாவில் வேலைநிறுத்தம் செய்யும் உரிமைக்காக வாதாடியது எல்லாம் உண்டு.

1930–31 லண்டன் வட்டமேசை மாநாட்டின் சிறுபான்மையினர் துணைக்குழுவிடம் கொடுத்த பாதுகாப்புத் திட்டமும் இங்கேதான். தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது: அதில் அம்பேத்கரோடு கையெழுத்திட்டவர் இரட்டைமலை சீனிவாசன். இதில் சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வருகிறது. சொல்லளவில் கேட்டுவிட்டு விடவில்லை, குற்றத்துக்கு வரையறையே எழுதிக் கொடுக்கிறார்கள். 1922ஆம் ஆண்டு பர்மா புறக்கணிப்புத் தடைச் சட்டத்திலிருந்து வாசகங்களை எடுத்துத் தேவையான மாற்றம் செய்திருக்கிறார்கள். ஏன் அது வேண்டும் என்பதற்கு பம்பாய் அரசு 1928இல் அமைத்த குழுவின் அறிக்கையையே ஆதாரமாக வைக்கிறார்கள்: உரிமையைக் கேட்டால் குத்தகை நிலம் போகும், கூலி வேலை நிற்கும், கடையில் சாமான் தரமாட்டார்கள், பாதையை அடைப்பார்கள்.

இப்போது முதல் தொகுதிக்குப் போய் 1947இன் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையைத் திறந்தால், அதே புறக்கணிப்பு வரையறை அரசமைப்புச் சட்டக் கூறு வடிவத்தில் மறுபடி நிற்கிறது. பதினாறு, பதினேழு ஆண்டு ஒரே கோரிக்கையைக் கைவிடாமல் சுமந்திருக்கிறார். 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு குற்றமாகச் சேர்ந்தது. மகாராஷ்டிரம் 2016இல் தனிச்சட்டமே இயற்றியது. இந்தக் கோரிக்கை இரண்டு தொகுதிகளில் இருந்தும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சொல்லும் ஓர் அடிக்குறிப்பு இல்லை. தொகுப்பின் பெரிய பலவீனம் இதுதான். முழுத் தொகுப்புக்கும் ஒரே சொல்லடைவு இல்லை, சட்டங்களுக்கும் ஆட்களுக்கும் விளக்கக் குறிப்பு மிகக் குறைவு. போலே யார், கோத்தி என்றால் என்ன, பர்மா சட்டம் எதற்கு வந்தது என்பதையெல்லாம் வாசகரே தேடிக்கொள்ள வேண்டும்.

முதல் தொகுதியிலேயே 1936இன் ‘சாதி ஒழிப்பு’ இருக்கிறது. லாகூரில் இயங்கிய சாதி எதிர்ப்புச் சங்கமான ஜாத்பாத் தோடக் மண்டலின் மாநாட்டுக்கு எழுதியது. வாசகத்தை மாற்ற மறுத்ததால் மாநாடே ரத்தானது, அவர் சொந்தச் செலவில் 1,500 படி அச்சிட்டார். பெரியாரின் குடி அரசு வட்டாரம் அதை உடனே தமிழுக்குக் கொண்டுவந்தது. இதற்குத் தொகுப்பு தேவையே இல்லை, தனிநூலாக எத்தனையோ பதிப்பு கிடைக்கிறது, குறிப்புரையோடு வந்த பதிப்பு இன்னும் நல்லது.

ஒன்பதாம் தொகுதி 1932இல் காந்தி தரப்போடு செய்த பூனா ஒப்பந்தத்துக்கு. தீண்டப்படாதவர்கள் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி போய், மாகாண சபைகளில் 148 ஒதுக்கீட்டு இடம் வந்ததும் (சென்னை மாகாணத்துக்கு அதில் 30) அதை அவர் ஏன் இழப்பாகக் கணக்கிட்டார் என்பதும் அங்கே விரிவாக உண்டு. பத்தாம் தொகுதி 1942 முதல் 46 வரை வைசிராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலம். பதிமூன்று அரசமைப்புச் சபை. அதில் அவர் பேச்சு மையமாகத் தொகுக்கப்பட்டிருப்பதால் மற்றவர் என்ன கேட்டார்கள் என்பதை முழுமையாகப் பார்க்க அரசமைப்புச் சபை விவாதத் தொகுதிகள் தனியாக வேண்டும். பதினான்கு முழுக்க இந்து சட்டத் தொகுப்பு மசோதா, இரண்டு பகுதியும் சேர்ந்து 1,300 பக்கத்துக்கு மேல். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். இரண்டாம் பகுதியின் கடைசியில் 1951 பதவி விலகல் அறிக்கை இருக்கிறது, அதைப் படித்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். பதினாறு பாலி இலக்கணமும் அகராதியும். பாலி படிக்காதவருக்குப் பயனில்லை.

மூன்று, நான்கு, ஐந்து, பன்னிரண்டு ஆகியவற்றைக் கையாள்வதற்கு வேறு பொறுமை வேண்டும். இவற்றில் பெரும்பாலும் அவர் மறைவுக்குப் பின் நீதிமன்றப் பொறுப்பிலிருந்து மீட்கப்பட்ட தட்டச்சுப் படிகளும் கையெழுத்துப் படிகளும். அத்தியாயங்கள் பாதியில் நிற்கும், சில பக்கம் காணாமல் போயிருக்கும், எழுதிய ஆண்டு தெரியாது. அத்தியாயத் தலையில் பதிப்பாசிரியர் தரும் சிறுகுறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். வரைவாக விட்டதை முடிந்த முடிவாக மேற்கோள் காட்டுவது இங்கே நடக்கும் முதல் பிழை. நான்காம் தொகுதி 1987இல் வந்தபோது ராமன், கிருஷ்ணன் பற்றிய பின்னிணைப்பை நீக்கச் சொல்லிக் கிளர்ச்சி நடந்தது, அமராவதியில் படிகள் எரிக்கப்பட்டன. பதிலுக்கு 1988 பிப்ரவரியில் பம்பாயில் தலித் மக்கள் பெருந்திரளாக ஊர்வலம் போனார்கள். கடைசியில் பின்னிணைப்பு நிலைத்தது, அரசு அந்தக் கருத்துகளோடு உடன்படுவதாகக் கொள்ள வேண்டியதில்லை என்ற குறிப்பு சேர்ந்தது.

பிடிஎப்பில் தேடுகிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் சொல்தான். இன்று நமக்குப் பழக்கமான ‘ஷெட்யூல்ட் காஸ்ட்ஸ்’ 1935 இந்திய அரசுச் சட்டத்தோடு நிலைபெற்ற சொல். 1920களின் ஆவணத்தில் அதைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. அங்கே ‘டிப்ரஸ்ட் கிளாசஸ்’ என்று போட வேண்டும், தன் நூல்களில் அவர் ‘அன்டச்சபிள்ஸ்’ என்று எழுதுவார். மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஊர்ப்பெயருக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் போட்டுப் பாருங்கள். கைபேசியில் சுற்றும் அம்பேத்கர் பொன்மொழி எதுவானாலும் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இல்லாமல் பகிர வேண்டாம். தேடியும் கிடைக்காத பொன்மொழி சுவரொட்டி வரை போய்விடுகிறது. பக்கம் குறிக்கும்போது எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அடுத்தவரால் சரிபார்க்க முடியும்.

தமிழில் 37 தொகுதிகளாக நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) வழியாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ஒரு தொகுதி தமிழில் பிரிந்து வருவதால் இரண்டின் எண்ணும் ஒத்துப்போகாது. ‘அம்பேத்கர், தொகுதி 9’ என்று மட்டும் எழுதினால் எந்த மொழி என்று புரியாது. மொழியைக் குறிப்பிடுங்கள். மேலே சொன்ன மூன்று ஆங்கிலச் சொற்களையும் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கும் வழக்கம் தமிழ் எழுத்தில் நெடுநாளாக உண்டு. சட்டப்பெயர் எது, சமூகப்பெயர் எது, எந்த ஆண்டு எந்தப் பெயர் என்ற வேறுபாடு அதில் கரைந்துவிடும். தமிழில் படித்து, வாதத்துக்குத் தேவையான பத்தியை மட்டும் ஆங்கிலப் பிடிஎப்போடு ஒப்பிட்டுக்கொள்வது நல்ல நடைமுறை.

சிறு பதிப்பகங்களுக்கு ஒரு தகவல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாழ்நாளில் வெளியான நூல்கள் 2017 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. மறைவுக்குப் பின் முதன்முதலாக அச்சேறியவற்றுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு கணக்கு. 1987இல் முதலில் வந்த நான்காம் தொகுதி 2047 முடியும் வரை பொதுவுடைமை ஆகாது. ஏற்கெனவே உள்ள தமிழாக்கத்துக்கு அதன் மொழிபெயர்ப்பாளர் உரிமை தனி.

வாங்குவதில் இடர்ப்பாடு விலை அல்ல, கையிருப்பு. அரசுப் பதிப்பு என்பதால் விலை குறைவு, ஆனால் கேட்ட தொகுதி கேட்ட நேரத்தில் இருப்பதில்லை. அச்சிடக் காகிதம் வாங்கிக் கிடங்கில் கிடக்கிறது, தொகுதிகள் வரவில்லை என்ற செய்தியைப் பார்த்து 2021 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. முழுச் செட்டுக்காகக் காத்திருக்காமல் உதிரியாகக் கிடைப்பதை வாங்குங்கள். மூன்று புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இரண்டாம் தொகுதி, பதினேழின் முதல் பகுதி, முதல் தொகுதி. பன்னிரண்டிலிருந்து ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ பக்கங்களை மட்டும் பிடிஎப்பிலிருந்து அச்செடுத்து, பதினேழின் அட்டைக்குள் செருகி வைத்துக்கொள்ளலாம்.